பிரெஞ்சு அரசரின் கஜானாவுக்குத் தலைவர் ஆவது எப்படி: துர்கோ போன வழி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் பிறந்தவர்களுக்கு மட்டுமான வழிகாட்டி. அங்கே அரசரின் பணத்தைப் பார்த்துக்கொண்டவருக்குக் கண்ட்ரோலர் ஜெனரல் என்று பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ கணக்குப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும், ஆனால் வரி, கடன், சாலை, பாலம், தானிய வியாபாரம், மாகாண நிர்வாகம் என்று எதை எடுத்தாலும் கடைசியில் இவர் மேசைக்குத்தான் வரும். நம்ம புதுச்சேரிக்குக் கப்பல் அனுப்பிய இந்தியக் கம்பெனியும் இவர் மேற்பார்வையில்தான் இருந்தது, அங்கே ஆளுநராக இருந்த துய்ப்ளேயைத் திருப்பி அழைக்க முடிவான காலத்தில் இந்த நாற்காலியில் இருந்தவர் மஷோ. அந்த மஷோ 1754இல் நிதியை விட்டுப் போனார். 1774இல் துர்கோ வருவதற்குள், இருபதே வருடத்தில், எட்டுப் பேர் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். அதில் சிலுவெட் என்பவர் 1759 மார்ச்சில் வந்து நவம்பரில் போனார், வெறும் நிழலாக வரைகிற மலிவுப் படத்துக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

ஆகவே பதவிக்கு வருவது ஒரு வித்தை, அதில் தங்குவது வேறு வித்தை. துர்கோவுக்கு முதலாவது கைவந்தது. இரண்டாவதை அவர் கற்றுக்கொள்ள முயன்றதாகவே தெரியவில்லை, அதனால்தான் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன்.

சரி, பிறப்பிலிருந்து தொடங்குவோம். பிரபு குடும்பம் என்றதும் வாள், குதிரை, கோட்டை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நீதிமன்றப் பதவியும் நிர்வாகப் பதவியும் வகித்து, நீளமான அங்கி போட்டு, அந்த வழியாக மேலே வந்த பிரபுக்கள் தனி ரகம், அரசரின் நிதிக்கு ஆள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வந்தார்கள். துர்கோவின் குடும்பம் நார்மண்டியைச் சேர்ந்த பழைய பிரபு குடும்பம்தான், ஆனால் அங்கி போட்டுப் பல தலைமுறை ஆகிவிட்டது. தாத்தா மாகாணங்களை நிர்வகித்தவர். அப்பா மிஷேல் எத்தியன் துர்கோ 1729 முதல் 1740 வரை பாரிஸ் நகரத்தின் தலைவர், இன்றைய கணக்கில் மேயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் பெரிய சாக்கடையைச் சீராக்கியவர் அவர்தான், ஒவ்வொரு வீடும் ஜன்னலோடு தெரிகிற மாதிரி 20 தாள்களில் பாரிஸின் வரைபடம் போடவைத்தவரும் அவர்தான். அந்த வரைபடத்துக்கு இன்றும் துர்கோ வரைபடம் என்றே பெயர், மகன் பொருளாதாரத்தில் செய்ததை எல்லாம் விட அந்தப் படத்தைப் பார்த்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நம்மாள் ஆன் ரொபெர் ஜாக் துர்கோ 1727 மே 10 அன்று பாரிஸில் பிறந்தார். மூன்றாவது மகன், இதைக் கவனியுங்கள். மூத்தவனுக்கு நீதிமன்றம், இரண்டாமவனுக்குப் படை, மூன்றாமவனுக்குத் தேவாலயம் என்பது அந்த வீடுகளின் பழக்கம். (அந்த இரண்டாவது அண்ணன் பின்னாளில் கயானாவுக்கு ஆளுநராகப் போனார், அங்கே குடியேறப் போன மக்கள் ஆயிரக்கணக்கில் காய்ச்சலில் செத்த கதை தனிக்கதை.) தம்பி மகா கூச்ச சுபாவம், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வானாம். பாதிரியாராக்க இது போதாதா? பாரிஸில் மதக் கல்வி தந்த சோர்போனுக்கு அனுப்பினார்கள், நன்றாகவே படித்தார். மதம் படிக்கப் போன இடத்தில், 1749இல், 21 வயதில், காகிதப் பணத்தை இஷ்டத்துக்கு அச்சடித்தால் என்ன ஆகும் என்று நண்பருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1720இல் காகிதப் பணத்தால் பிரான்சைக் கவிழ்த்தது வீட்டுக்கு வீடு பேசப்பட்ட கதை, ஆனால் அது ஏன் கவிழ்ந்தது என்று அந்த வயதில் உட்கார்ந்து யோசித்தவர்கள் குறைவு. 1751இல் அப்பா இறந்தார், மகன் பாதிரியார் அங்கியைக் கழற்றிவிட்டார். வாழ்நாள் முழுக்க முகமூடி போட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியாது என்று சொன்னதாக நண்பர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த வரியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலையைக் கெடுக்கப்போவது இதே குணம்தான்.

அடுத்தது பதவி வாங்குவது. வாங்குவது என்றால் கடையில் வாங்குவது போலவேதான். நீதிபதிப் பதவி, வரி வசூல் பதவி எல்லாவற்றையும் அரசே விற்றது, வாங்கியவர் அதை மகனுக்கு விடலாம், வேறொருவருக்கு விற்கலாம். 1604 முதல் பதவியின் மதிப்பில் அறுபதில் ஒரு பங்கை வருடா வருடம் கட்டிவந்தால், நீங்கள் திடீரென்று இறந்தாலும் பதவி குடும்பத்தை விட்டுப் போகாது. லஞ்சம் என்று மூக்கைச் சுளிக்க வேண்டாம், இது சட்டப்படி நடந்தது, அரசுக்கு இது கடன் வாங்குகிற ஒரு வழி. நீங்கள் கொடுத்த விலை முதல், உங்களுக்கு வருகிற சம்பளம் வட்டி. பதவிகளை ஒழித்துவிடலாமே என்று பின்னால் யாராவது கேட்டால், முதலைத் திருப்பிக் கொடுக்கப் பணம் எங்கே என்றுதான் பதில் வரும். பழைய பிரான்சில் ஏன் எதையும் மாற்ற முடியவில்லை என்பதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

வாங்க வேண்டிய வரிசையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் பாரிஸ் பார்லமானில் ஒரு நாற்காலி. பார்லமான் என்றால் நாடாளுமன்றம் இல்லை, உயர் நீதிமன்றம், ஆனால் அரசரின் ஆணைகளைப் பதிவேட்டில் ஏற்றும் உரிமை அதன் கையில் இருந்ததால், பிடிக்காத ஆணையை இழுத்தடிக்க முடியும். துர்கோ 1752இல் உள்ளே போனார். 1753இல் அங்கிருந்து அரசவை மனுக்களைப் பார்க்கும் பதவி, மேத்ர் தெ ரெக்கெத் என்பார்கள். இதுதான் ஏணியின் முக்கியமான படி, மாகாண நிர்வாகிகளை அரசர் இவர்களிலிருந்துதான் பொறுக்கி எடுப்பார். துர்கோ இங்கே ஒரு காரியம் செய்தார். பார்லமானோடு சண்டை முற்றி அரசர் நீதிபதிகளைப் பாரிஸை விட்டு விரட்டியபோது, அவர்களுக்குப் பதிலாக அமைத்த தற்காலிக நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்தார். சட்டப்படி சரிதான். ஆனால் பார்லமான்காரர்கள் மறக்கிற ரகம் இல்லை.

பார்லமானைப் பகைக்காதீர்கள் என்று சொல்லும்போது நூறு வருடம் முந்தைய ஃபூக்கே ஞாபகம் வருகிறது. பதினான்காம் லூயியின் நிதித் தலைவர், அதோடு பார்லமானின் அரசு வழக்கறிஞர். அந்த இரண்டாவது பதவி இருக்கும் வரை அவரைப் பார்லமான் தவிர யாரும் விசாரிக்க முடியாது. 1661இல் நைசாகப் பேசி அதை விற்கவைத்தார்கள், 14 லட்சம் லிவ்ருக்கு (லிவ்ர் அன்றைய பிரெஞ்சுப் பணம்) விற்று, அதில் 10 லட்சத்தை அரசருக்கே கொடுத்தார் பாவம். ஆகஸ்ட் 17 அன்று தன் புது மாளிகையில் அரசருக்குக் கண் கூசும் விருந்து வைத்தார், செப்டம்பர் 5 அன்று நாந்த் நகரத்தில் கைது. தீர்ப்பில் நாடுகடத்தல்தான் சொன்னார்கள், அரசர் அதை ஆயுள் சிறையாக ஏற்றினார். ஆகவே கவசமாக இருக்கும் பதவியை நல்ல விலை வந்தாலும் விற்காதீர்கள்.

இதற்கப்புறம் மாகாணம். அரசர் நியமிக்கும் மாகாண நிர்வாகிக்கு ஆந்தாந்தான் என்று பெயர், நம்ம கலெக்டர் மாதிரி. இது மட்டும் விலைக்கு வராது, அரசர் நினைத்தால் மாற்றலாம். துர்கோவுக்கு 1761இல் கிடைத்தது லிமோழ். ஏழைப் பிரதேசம், கஷ்கொட்டையும் கம்பு மாதிரி மட்டமான தானியங்களும் சாப்பிட்டுக் காலம் தள்ளிய மக்கள். சாதாரணமாக இப்படி ஒரு இடம் கிடைத்தால் இரண்டு மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு நல்ல இடத்துக்கு மாற்றல் வாங்குவார்கள். இவருக்கு லியோன் வந்தது, பணக்கார நகரம், வேண்டாம் என்றுவிட்டார். 13 வருடம் லிமோழிலேயே இருந்தார். பதவி ஆசை உள்ளவருக்கு இது கெட்ட யோசனை மாதிரி தெரியும், உண்மையில் அவரைப் பிறகு அமைச்சராக்கியது இந்த 13 வருடம்தான்.

அங்கே என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அரசரின் சாலைகளை யார் போட்டார்கள்? சாலைக்குப் பக்கத்து ஊர் விவசாயிகள், கூலி இல்லாமல், தங்கள் மாட்டையும் வண்டியையும் கொண்டுவந்து. நம்ம ஊரில் அமஞ்சி என்பார்களே, அதுதான், பிரெஞ்சில் கொர்வே. விதைப்புக் காலத்தில் கூப்பிட்டால் வயல் போச்சு, வேண்டாவெறுப்பாகப் போட்ட சாலை அடுத்த மழைக்குத் தாங்காது. துர்கோ கணக்குப் போட்டுப் பார்த்தார். இலவச வேலை என்று பெயர், விவசாயிக்கு ஆகும் நஷ்டமோ கூலிக்கு ஆள் வைக்கும் செலவை விட அதிகம். ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுத்து, செலவை மாகாணத்தின் எல்லா ஊர்கள் மீதும் வரியாகப் பிரித்துவிட்டார். சாலையும் நன்றாக வந்தது. பஞ்சம் வந்தபோது, 1770இலும் அடுத்த வருடத்திலும், வேலையில்லாதவர்களுக்குச் சாலை வேலை கொடுத்தார், பெண்களுக்கு நூல் நூற்கும் வேலை. குத்தகை விவசாயிகளைத் துரத்திவிடக் கூடாது, அறுவடை வரை அவர்களுக்குச் சோறு போடுவது நிலச்சொந்தக்காரர் பொறுப்பு என்று உத்தரவும் போட்டார். உருளைக்கிழங்கைத் தின்றால் தொழுநோய் வரும் என்று மக்கள் பயந்த காலம் அது, அதைத் தன் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சாப்பிட்டுக் காட்டினார்.

இத்தனைக்கும் நடுவில் எழுதினார், நிறைய எழுதினார். நீங்களும் எழுதுங்கள், அல்லது உங்களைப் பற்றி நாலு பேர் எழுதும்படி நடந்துகொள்ளுங்கள். பாரிஸில் பேசுகிற கூட்டம் ஒன்று இருந்தது, அறிஞர்கள், அவர்களை வீட்டுக்கு அழைத்த சீமாட்டிகள். அங்கே லிமோழ்காரரின் பெயர் ஓடிக்கொண்டே இருந்தது. 1774 மே 10 அன்று பதினைந்தாம் லூயி இறந்தார், துர்கோவின் 47ஆவது பிறந்த நாள் அது. புது அரசருக்கு வயது 19. வயதான மோர்பா பிரபுவை ஆலோசகராக வைத்துக்கொண்டார், மோர்பாவுக்கு நல்ல பெயருள்ள ஆள் ஒருவர் தேவைப்பட்டார். ஜூலையில் துர்கோவுக்குக் கடற்படை, ஆகஸ்ட் 24 அன்று நிதி. ஆக, பதவிக்கு வந்தாயிற்று.

வந்த அன்றே அரசருக்குக் கடிதம் எழுதினார். திவால் கூடாது, வரி உயர்வு கூடாது, புதுக் கடன் கூடாது. அப்படியானால் பணம் எங்கிருந்து? செலவைக் குறைத்து. அதே கடிதத்தில், அரசவையில் பெரும்பாலானோர் என்னை வெறுக்கப்போகிறார்கள், உங்கள் தாராள மனசோடேயே நான் சண்டை போட வேண்டிவரும் என்றும் எழுதிவிட்டார். முதல் நாள் வேலையில் முதலாளிக்கு இப்படி ஒரு கடிதம் எழுத தைரியம் வேண்டும். எனக்கு இருந்திருக்காது.

இப்போது கஜானாவைத் திறந்து பார்ப்போம், உள்ளே பணம் இருக்காது. உப்பு வரி, புகையிலை, மது வரி, சுங்கம் இதையெல்லாம் அரசு தானே வசூலிக்கவில்லை, ஆறு வருடத்துக்கு ஒருமுறை 60 பணக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டது. ஒப்பந்தத்தில் யாரோ ஒரு பினாமி கையெழுத்துப் போடுவார், பின்னால் இவர்கள். வருடத்துக்குச் சுமார் 15 கோடி லிவ்ர் அரசுக்குக் கட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம். நேரடி வரியை வசூலித்தவர்களோ பதவியை விலைக்கு வாங்கியவர்கள், அவர்கள் கையில் வரிப்பணம் இருக்கும்போது அதையே அரசருக்குக் கடனாகக் கொடுத்து வட்டி வாங்கினார்கள். அடுத்த வருட வரியை இந்த வருடமே வாங்கிச் செலவழித்தாயிற்று. குத்தகை லாபத்தில் அரசவைக்காரர்கள் பலருக்கு ரகசியப் பங்கு வேறு. குத்தகை புதுப்பிக்கும்போது கண்ட்ரோலர் ஜெனரலுக்கு 3 லட்சம் லிவ்ர் அன்பளிப்பு வழக்கம், துர்கோ அதைத் தொடவில்லை. உத்தமமான காரியம். ஆனால் பதவியில் தங்குவது எப்படி என்று கேட்டு வந்தவருக்கு நான் சொல்ல வேண்டியது வேறு: நீங்கள் வாங்காவிட்டால், வாங்கியவர்கள் எல்லோருக்கும் நீங்கள் ஒரு கண்ணாடி. அடிக்கடி அதைப் பார்க்க அவர்களுக்குப் பிடிக்காது.

முதல் பெரிய தப்பு நேரம் பார்க்காதது. 1774 செப்டம்பர் 13 அன்று நாட்டுக்குள் தானிய வியாபாரத்தைச் சுதந்திரமாக்கினார். யாரும் எங்கும் வாங்கலாம், விற்கலாம், போலீஸ் விலை பேசாது. கொள்கையாக அதில் எனக்குச் சண்டை இல்லை, பஞ்சம் உள்ள ஊருக்குத் தானியம் போக வழி வேண்டும்தான். ஆனால் அந்த வருட விளைச்சல் மோசம். ரொட்டி விலை ஏறியது, 1775 ஏப்ரலிலும் மேயிலும் பாரிஸைச் சுற்றி ஊர் ஊராகக் கலவரம், மாவுப் போர் என்று அதற்குப் பெயர். மே 2 அன்று கூட்டம் அரசர் இருந்த வெர்சாய்க்கே வந்தது, மறுநாள் பாரிஸில் ரொட்டிக் கடைகள் சூறையாடப்பட்டன. துர்கோ படையை இறக்கினார், இரண்டு பேரைத் தூக்கில் போட்டார்கள், ஒருவனுக்குப் பதினாறே வயது. லிமோழில் பசித்தவனுக்கு வேலை கொடுத்தவரின் பெயரில் இதுவும் எழுதப்பட்டிருக்கிறது, அவருடைய ரசிகர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவார்கள்.

ஒரே சமயத்தில் எல்லோரையும் பகைத்துக்கொண்டது இரண்டாவது தப்பு. 1776 ஜனவரியில் ஆறு ஆணைகளை ஒரே கட்டாகக் கொண்டுவந்தார். நாலு சின்ன விஷயம், இரண்டு வெடிகுண்டு. ஒன்று, நாடு முழுக்க அமஞ்சியை ஒழித்து, சாலைச் செலவை நிலம் வைத்திருக்கும் எல்லோர் மீதும் வரியாகப் போடுவது, பிரபுக்கள் உட்பட. இன்னொன்று, நகரங்களின் கைவினைக் குழுமங்களைக் கலைப்பது, அதாவது தையல்காரரோ தச்சரோ ஆவதற்கு வருடக்கணக்கில் எடுபிடியாக இருந்து கட்டணம் கட்டி உள்ளே போகத் தேவையில்லை, யாரும் கடை போடலாம். பிரபுக்களுக்கு முதலாவதில் வலித்தது, பணத்தை விட மானம்தான் காரணம், விவசாயி கட்டுகிற வரியை நாமும் கட்டுவதா என்று. இதைச் சொன்னவரும் பிரபு வீட்டுப் பிள்ளை என்பதால் கோபம் இரண்டு மடங்கு. பார்லமான் பதிவு செய்ய மறுத்தது, சமூகத்தில் ஜெபிப்பவர், போரிடுபவர், உழைப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை உண்டு, அதைக் கலைத்தால் எல்லாம் குலையும் என்று நீளமாக எழுதியனுப்பியது. மார்ச் 12 அன்று அரசரே நேரில் உட்கார்ந்து கட்டாயமாகப் பதிவு செய்யவைத்தார். ஜெயித்த மாதிரிதான் இருந்தது. அரசரின் கையை ஒருமுறை அப்படிப் பிடித்து இழுத்துவிட்டால் அடுத்த முறை இழுக்க முடியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மூன்றாவது, வீட்டுக்காரம்மா. லண்டனில் தூதராக இருந்த கீன் பிரபுவைத் திருப்பி அழைத்ததில் துர்கோவுக்குப் பங்கு உண்டு, அவரோ ராணி மரி அந்துவானெத்தின் ஆள். ராணியின் நண்பர்களுக்கான பென்ஷன்களையும் இவர் வெட்டிக்கொண்டிருந்தார். மோர்பாவும் மெல்ல ஒதுங்கினார், தான் கொண்டுவந்த ஆள் தன்னைவிடப் பெரிதாக வளர்வதை எந்தக் கிழவர் ரசிப்பார்? இந்த நிலையில் ஏப்ரல் 30 அன்று துர்கோ இன்னொரு கடிதம் எழுதினார். இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸின் தலையைக் கட்டையில் வைத்தது அவருடைய பலவீனம்தான், மறந்துவிடாதீர்கள் என்று 21 வயது லூயிக்கு. 1793இல் அந்த லூயியின் தலையும் போயிற்று என்று தெரிந்த நமக்கு இது தீர்க்கதரிசனம். அன்றைக்கு அது வெறும் மரியாதைக்குறைவு.

மே 12 அன்று பதவி போயிற்று. இருபது மாதத்துக்குக் கொஞ்சம் அதிகம். கீன் பிரபுவுக்கு அதே வாரத்தில் டியூக் பட்டம். அடுத்து வந்த க்ளூஞி, ஆகஸ்டுக்குள் அமஞ்சியையும் குழுமங்களையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டு, அரசு லாட்டரி ஒன்றைத் தொடங்கி, அக்டோபரில் இறந்தும் போனார். இதில் வேடிக்கை, துர்கோ இருந்தவரை அரசின் மீது நம்பிக்கை ஏறியிருந்தது, டச்சுக்காரர்கள் 4 சதவீத வட்டிக்குக் கடன் தரத் தயாராக இருந்தார்கள், அவர் போனதும் அந்தப் பேச்சும் போயிற்று. இரண்டு வருடத்தில் பிரான்ஸ் அமெரிக்க விடுதலைப் போரில் இறங்கியது, அதற்குக் கட்டுப்படியாகாது என்று அவர் ஏப்ரலிலேயே எழுதிவைத்திருந்தார்.

பதவி போன பிறகு என்ன செய்வது என்று கேட்டால், அதையாவது அவரைப் பார்த்து அப்படியே செய்யலாம். மாளிகை கட்டவில்லை, திரும்பி வரச் சதி செய்யவில்லை. அறிவியல் படித்தார், லத்தீனில் கவிதை எழுதினார், பாரிஸுக்கு வந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினைப் பற்றி, வானத்திடமிருந்து மின்னலையும் கொடுங்கோலரிடமிருந்து செங்கோலையும் பறித்தவர் என்று லத்தீனில் ஒரே ஒரு வரி எழுதினார், பதவியில் எழுதிய ஆணைகளை விட அது நீண்ட நாள் நின்றது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் இத்தனை அவசரம், ஒவ்வொன்றாகச் செய்திருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டதற்கு, எங்கள் வீட்டில் கீல்வாதத்தில் ஐம்பது வயதில் போய்விடுவோம் என்று சொன்னாராம். அமைச்சராக இருந்தபோதே அந்த வாதம் வந்து, அரசரின் அறைக்கு அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். 1781 மார்ச் 18 அன்று அதே வாதத்தில் இறந்தார். அப்போது வயது 53.